சீனத்து மகாராசா வைத்த மொய்

இலங்கையின் காலி நகரத்தில் ஒரு தெருமுனை மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்த பலகைக்கல்லை, 1911இல் டொமலின் என்ற இன்ஜினியர் கவனித்தார். அதுவரை ஊர் அதன் முதுகில் ஏறிப் போய்வந்துகொண்டிருந்தது. வயிற்றுப் பக்கம் என்ன இருக்கிறதென்று யாரும் கேட்டதில்லை. புரட்டிப் பார்த்தால், சீனப் பேரரசர் கொடுத்தனுப்பிய கல்வெட்டு! உச்சியில் இரண்டு டிராகன்கள், கீழே மூன்று மொழிகளில் எழுத்து, தேதி 1409 பிப்ரவரி 15. அத்தனை கடல் தாண்டி அத்தனை மரியாதையோடு வந்திறங்கிய கல், கடைசியில் சாக்கடைக்குக் காவல் இருந்தது.

மூன்று மொழி என்றதும் ஒரே செய்தியின் மூன்று மொழிபெயர்ப்பு என்றுதான் நினைப்போம். இல்லை. சீன மொழிப் பகுதி புத்தரிடம் பேசுகிறது: தங்கள் கருணையால் எங்கள் தூதர்கள் பத்திரமாகப் போய்வருகிறார்கள், ஆகவே இந்தக் காணிக்கை. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரிடம் பேசுகிறது. இலங்கையின் தென்முனையில், இன்று தெவிநுவர என்கிறார்களே, அந்த ஊரில் கோயில் கொண்டிருந்தவர் அவர். பாரசீகப் பகுதி அல்லாவிடமும் இஸ்லாத்திடமும் பேசுகிறது. மூன்று பேரிடமும் தனித்தனியாக, மற்ற இருவரின் பேச்சையே எடுக்காமல், பேரரசர் பேசியிருக்கிறார். காணிக்கைப் பட்டியல் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றே.

அந்தப் பட்டியலை நம் ஊர்க் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து மொய் வாசிப்பவரின் குரலில் வாசித்துப் பாருங்கள். "சீனத்து மகாராசா, பொன்னு ஆயிரம்! வெள்ளி ஐயாயிரம்! பட்டு நூறு சுருள்! தூபக்கால் அஞ்சு! பூச்சாடி அஞ்சு ஜோடி! பொன் தாமரை ஆறு ஜோடி! வாசனை எண்ணெய் ரெண்டாயிரத்து ஐந்நூறு ராத்தல்! மெழுகுவர்த்தி பத்து ஜோடி! ஊதுவத்தி பத்துக் குச்சி!" சீன ராத்தல் 2,500 என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை டன். ஒன்றரை டன் எண்ணெயை அள்ளிக்கொடுத்தவர், ஊதுவத்தியை மட்டும் பத்துக் குச்சி என்று எண்ணிக் கொடுத்திருக்கிறார். எழுதியவன் கணக்குப்பிள்ளை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. கல்யாண வீடு யாருடையது? சிங்கள நாட்டு அரசருடையது. கல்லில் சிங்களம் ஓர் எழுத்துக்கூட இல்லை. வீட்டுக்காரரை விட்டுவிட்டு, பந்தலில் உட்கார்ந்திருந்த வியாபாரிகளின் மொழிகளில் மொய் எழுதியாயிற்று. இதைப் பார்த்ததும் "அன்றே சீனன் மதித்த தமிழ்" என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட நமக்கெல்லாம் கை பரபரக்கும். மதித்தது உண்மை. ஆனால் அந்த மரியாதை கவிதைக்குக் கிடைத்ததல்ல, துறைமுகத்துக் கிட்டங்கிக்குக் கிடைத்தது. இலங்கைக் கரையில் தமிழ் வணிகரிடமும் பாரசீகம் படித்த முஸ்லிம் வணிகரிடமும்தான் காரியம் ஆக வேண்டியிருந்தது. சீனாவுக்குத் தமிழ் எழுத்து புதிதும் அல்ல. அங்கே சுவான்சௌ துறைமுகத்தில் 1281இலேயே நம் ஆட்கள் சிவன் கோயில் கட்டித் தமிழில் கல்வெட்டும் வைத்துவிட்டிருந்தார்கள்.

சரி, மொய் வைத்தவர் யார்?

பெயர் சூ டி. பட்டப்பெயர் யோங்லே. மிங் வம்சத்தை நிறுவியவரின் நான்காவது மகன். அப்பா செத்ததும் பட்டம் அவருடைய மூத்த மகன் வழிப் பேரனான ஜியான்வெனுக்குப் போயிற்று. பையன் பட்டத்துக்கு வந்ததும் சித்தப்பாமார்களை ஒவ்வொருவராகக் கழற்றிவிடத் தொடங்கினான். நாலாவது சித்தப்பா முந்திக்கொண்டார். மூன்று ஆண்டுச் சண்டை. 1402இல் நான்ஜிங் அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. எரிந்த உடல் ஒன்றைக் காட்டி, பையன் போய்விட்டான் என்று சித்தப்பா அழுதார். பையன் மொட்டையடித்துத் துறவி வேடத்தில் தப்பிவிட்டான் என்று ஊர் சொல்லிற்று. வீட்டில் இப்படி ஒரு பேச்சு இருக்கிறவர்கள்தான் ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் போய்ப் பெரிய மொய் எழுதுவார்கள். நான்தான் பெரியவீட்டு வாரிசு என்று நாலு பேர், அதுவும் வெளியூர்க்காரர் நாலு பேர், சொல்ல வேண்டும் அல்லவா?

நாலு பேரைத் தேடி 1405இல் கப்பல்கள் கிளம்பின. முதல் பயணத்திலேயே முந்நூறுக்கு மேல் கப்பல், 27,000க்கு மேல் ஆள். தலைவர் செங் ஹே. யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. பத்து வயது வாக்கில் மிங் படையிடம் சிக்கி, ஆண்மை நீக்கப்பட்டு, இளவரசர் சூ டியின் வீட்டு வேலைக்கு வந்து, போர்களில் நின்று, தளபதியாக உயர்ந்தவர். ஏழடி உயரம், மணி அடித்தாற்போல் குரல் என்று குடும்பத்தார் எழுதிவைத்தார்கள். இத்தனை ஆளும் ஆயுதமும் எதற்கு என்று கேட்டால் பதில் தயாராக இருந்தது: நட்புக்கு. உங்கள் ஊரில் மொத்த ஜனமே அவ்வளவு இருக்காது; துறைமுகத்தில் அத்தனை பேர் வந்து இறங்கி "நட்பாக இருக்கலாமா?" என்று கேட்டால், யோசித்துச் சொல்கிறேன் என்றா சொல்வீர்கள்?

இங்கே மிங் அரசின் கணக்கைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சீனாவிலிருந்து தனியார் யாரும் கடல் தாண்டி வியாபாரம் செய்யக்கூடாது, சட்டம் தடுத்தது. வெளிநாட்டான் சரக்கோடு வர வேண்டுமென்றால் "கப்பம்" என்ற பெயரில்தான் வரலாம். அதாவது மிளகு மூட்டையோடு வருகிறவன் வியாபாரி இல்லை, தூதர். மூட்டை சரக்கு இல்லை, அன்புக் காணிக்கை. தூதர் பேரரசர் முன் விழுந்து கும்பிட வேண்டும். கும்பிட்டால் பேரரசர், வந்ததைவிடப் பல மடங்கு திருப்பிக் கொடுப்பார். நாம் வைத்தது நூறு என்றால் அவர் வைப்பது ஆயிரம். திருப்பிச் செய்வதில் யாரிடமும் தோற்கக்கூடாது என்பது அவர் வீட்டுக் கௌரவம். இந்தச் செய்தி பரவியதும் தென்கடலில் இருந்த எல்லாச் சின்ன ராஜாக்களுக்கும் சீனத்தின் மேல் திடீரென்று பக்தி பொங்கிற்று. வழியில் போகிற வியாபாரிகள்கூட ராஜாவின் தூதர் என்று சொல்லிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

ஆக, உலகம் முழுக்கத் தன் காலில் விழுகிறது என்று சீனத்து ஏடுகள் எழுதின. விழுந்து எழுந்தவர்களின் கையில் பட்டும் பீங்கானும் இருந்தன. இரண்டு பேருக்கும் திருப்தி. இதைவிட நல்ல ராஜதந்திரம் நான் படித்ததில்லை, செலவைக் கணக்கில் எடுக்காவிட்டால்.

இந்த ஆட்டத்தை முதலில் புரிந்துகொண்டவர் மலாக்காவின் பரமேசுவரன். பலெம்பாங்கிலிருந்து ஓடி, தெமாசெக்கிலிருந்தும் ஓடி, ஒரு மீனவக் கரையில் கடையைப் போட்டவர். பக்கத்துப் பெரியவர் சயாம். ஆண்டுக்கு 40 லியாங் தங்கம் கொடு, இல்லாவிட்டால் ஆள் வரும் என்பது சயாமோடு இருந்த உறவு. பரமேசுவரன் யோசித்தார். பக்கத்துத் தெரு ரவுடிக்கு மாமூல் கட்டுவதைவிட, பத்துத் தெரு தள்ளியிருக்கும் பெரிய ரவுடியோடு போட்டோ எடுத்து மாட்டிக்கொள்வது மலிவு. 1405இல் தூது போனது. பேரரசர் முத்திரை கொடுத்தார், பட்டம் கொடுத்தார், மலாக்காவில் ஒரு மலைக்குக்கூட நாடு காக்கும் மலை என்று பட்டம் கட்டிக் கல்வெட்டுக்கு வாசகம் எழுதிக்கொடுத்தார்.

சயாம் சும்மா இருக்குமா? படை அனுப்பி, மலாக்காவின் முத்திரையையும் சுமத்ராவின் சமுத்திரா நாட்டு முத்திரையையும் பிடுங்கிக்கொண்டது. பஞ்சாயத்துத் தலைவரின் ரப்பர் ஸ்டாம்பைப் பக்கத்து ஊர்க்காரன் தூக்கிக்கொண்டு போன மாதிரி. 1407இல் புகார் நான்ஜிங்குக்குப் போயிற்று. பேரரசர் சயாமைக் கூப்பிட்டுக் கண்டித்தார்: அவரவர் எல்லையில் இருங்கள், பொருளைத் திருப்பிக் கொடுங்கள். 1411இல் பரமேசுவரனே மனைவி, மகன், பரிவாரம் என 540 பேரோடு நான்ஜிங் போய் இறங்கினார். தங்கம், வெள்ளி, பட்டு எல்லாம் கிடைத்தன. கட்டுக் கட்டாக மிங் காகிதப் பணமும் கிடைத்தது. அந்தக் காகிதத்தின் மதிப்பு சீனாவிலேயே சரிந்துகொண்டிருந்தது என்பதை விருந்தாளியிடம் சொல்வது நாகரிகம் இல்லையே. பதிலுக்கு மலாக்காவில் சீனர்கள் வேலி அடைத்து, காவல் கோபுரம் வைத்து, ஒரு பெரிய கிட்டங்கி கட்டிக்கொண்டார்கள். மலைக்குப் பட்டம் கொடுத்தவருக்கு மலையடியில் கொஞ்சம் இடம் கொடுக்க மாட்டேன் என்றா சொல்ல முடியும்?

மலைக்குப் பட்டம் கட்டுவது யோங்லேவுக்குப் பிடித்துப்போயிற்று. ஜப்பானில் ஒன்று, புருனேயில் ஒன்று, 1416இல் நம் கொச்சியில் ஒன்று. கொச்சியைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். அங்கே எந்த மலை? தென்னை உயரத்துக்கு மேல் அந்தக் கரையில் ஒன்றும் கிடையாது. ஆனால் அதைக் கேட்க கொச்சி ராஜா பைத்தியக்காரர் இல்லை. பக்கத்தில் கோழிக்கோட்டுச் சாமூதிரி கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, பேரரசர் மலை என்றால் மலை.

கோழிக்கோட்டைப் பற்றிச் செங் ஹேயின் மொழிபெயர்ப்பாளர் மா ஹுவான் எழுதியதைச் சொல்லாமல் நகர முடியவில்லை. அங்கே கணக்குப் போட மணிச்சட்டம் கிடையாது, இரண்டு கை இரண்டு கால் விரல்களால் எண்ணுகிறார்கள், மயிரிழை பிசகுவதில்லை என்று வியந்திருக்கிறார். விலை பேசி முடிக்க ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் ஆகுமாம். உலகத்தின் மிகப் பெரிய கப்பற்படை துறைமுகத்தில் காத்திருக்க, உள்ளே நம் ஆள் கால் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, "இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துடலாங்க" என்று உட்கார்ந்திருக்கிறான். வல்லரசை இதைவிட அழகாக யாரும் காக்க வைத்ததில்லை.

ஜாவாவில் விவகாரம் வேறு மாதிரி. அங்கே கிழக்கு ராஜாவும் மேற்கு ராஜாவும் அடித்துக்கொண்டார்கள். நடுவில் கரையிறங்கியிருந்த சீனர் 170 பேரை மேற்கு ராஜாவின் ஆட்கள் வெட்டிவிட்டார்கள். பிறகுதான் யாரை வெட்டினோம் என்று தெரிந்தது. ராஜாவுக்குக் குளிர் காய்ச்சல். மன்னிப்புக் கேட்டுத் தூது ஓடிற்று. அபராதம் 60,000 லியாங் தங்கம் என்றார்கள், அதாவது இரண்டு டன்னுக்கு மேல். 1408இல் ராஜா புரட்டி அனுப்பியது 10,000. சடங்குத் துறை அதிகாரிகள் பாக்கியைக் காட்டி, தூதர்களை உள்ளே தள்ளலாம் என்றார்கள். பேரரசர் சிரித்திருக்க வேண்டும். தூரத்து ஆட்கள் தப்பை ஒப்புக்கொண்டால் போதும், அவர்கள் தங்கம் எனக்கெதற்கு என்று பாக்கியைத் தள்ளுபடி செய்தார். கந்துவட்டிக்காரர்களுக்குத் தெரிந்த கலைதான் இது. வசூலித்த கடன் வசூலித்ததோடு முடிந்துவிடும். தள்ளுபடி செய்த கடனுக்கு, கடன்காரன் சாகும்வரை தெருவில் பார்த்த இடத்தில் துண்டை இடுப்பில் கட்டுவான்.

பலெம்பாங்கில் சென் சூயி என்ற சீனக் கடற்கொள்ளைக்காரனைப் பிடித்தார்கள். 1407. அவன் ஆட்கள் ஐயாயிரம் பேர் செத்தார்கள், அவன் தலை நான்ஜிங்கில் உருண்டது. அவனைக் காட்டிக்கொடுத்த இன்னொரு சீனனுக்கு அந்த ஊரின் நிர்வாகப் பதவி கிடைத்தது. விளக்கம் தேவையில்லை.

புருனே அரசர் 1408இல் குடும்பத்தோடு நேரில் போனார். விருந்து தடபுடல். அங்கேயே நோய்ப்பட்டு 28 வயதில் இறந்தார். நான்ஜிங்கில் கல்லறை இருக்கிறது. 1417இல் சூலூ அரசர் போனார், திரும்பும் வழியில் ஷாண்டோங் மாகாணத்து டெசௌவில் இறந்தார், கல்லறை அங்கே. காத்திருந்த குடும்பத்தில் ஒரு பகுதி அப்படியே தங்கி, சந்ததி இன்றும் அங்கே இருக்கிறது. மிங் உபசாரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போகும்போது உயில் எழுதிவிட்டுப் போவது நல்லது, அவ்வளவுதான்.

எல்லோரிலும் கெட்டிக்காரர் வங்கத்துச் சுல்தான் சைஃபுத்தீன். 1414இல் அவர் அனுப்பிய காணிக்கை ஓர் ஒட்டகச்சிவிங்கி. வங்கத்தில் ஒட்டகச்சிவிங்கி ஏது? ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பரிசைத்தான் அவர் மேலே தள்ளிவிட்டார். கல்யாணத்தில் வந்த சுவர்க்கடிகாரத்தைப் பேப்பர் மாற்றி அடுத்த கல்யாணத்துக்குக் கொடுக்கும் பழக்கம் நமக்கு மட்டுமே உரியதல்ல. ஆனால் இந்தக் கடிகாரம் சீனத்தில் தெய்வமாகிவிட்டது. சீனப் புராணத்தில் சிலின் என்று ஒரு விலங்கு உண்டு. குற்றமற்ற மகான் ஆளும்போது மட்டுமே அது பூமியில் தோன்றும். கழுத்து நீண்டு, உடம்பெல்லாம் கட்டம் கட்டமாக, யாரையும் கடிக்காமல் இலை தின்றுகொண்டு நின்ற உருப்படியைப் பார்த்த அரசவை, இதுதான் சிலின் என்று முடிவுகட்டிற்று. அண்ணன் மகனின் அரியணையில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கு இப்படியொரு நன்னடத்தைச் சான்றிதழ், அதுவும் நாலு காலில் நடந்து வந்து, கிடைக்குமா? ஷென் டு என்ற அறிஞர் போற்றி எழுத, படமும் வரையப்பட்டது. வாழ்த்து மடல் சமர்ப்பிக்கிறோம் என்றார்கள் மந்திரிகள். அதெல்லாம் வேண்டாம் என்று பேரரசர் அடக்கமாக மறுத்தார். அடுத்த ஆண்டு ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து இன்னொன்று வந்தபோது வாசலுக்கே போய் வரவேற்றார். வாழ்த்து வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார், சிலின் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இத்தனை பேரும் ஆட்டத்தின் விதி தெரிந்து ஆடினார்கள். தெரியாமல், அல்லது தெரிந்தும் பிடிக்காமல், ஒரே ஒருவர் முறைத்துக்கொண்டார். அவர்தான் நம் கல் வந்து இறங்கிய வீட்டின் தலைவர்.

வீர அழகேசுவரன். சீன ஏடுகள் அவர் பெயரை எழுதியிருக்கும் விதத்தைப் பிரித்தால் அழகக்கோனார் என்று வரும். மேலூர்ப் பக்கம் ஆட்டுச் சந்தையில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். வஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அந்தக் குடும்பம் சொல்லிக்கொண்ட பழங்கதை. குடும்பத்துக்கு முன்னமே ஒரு பெயர் உண்டு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி தெற்கே வந்து வரி வசூலித்த காலத்தில், வசூலுக்கு வந்தவர்களைத் தூக்கில் தொங்கவிட்டு, கோட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் இதே குடும்பத்து மூத்த அழகேசுவரர். பெரியவர்கள் கேட்டால் கொடுத்துப் பழக்கமில்லாத ரத்தம்.

முதல் பயணத்தில் செங் ஹே வந்தபோதே அழகக்கோனார் மரியாதை காட்டவில்லை, கொல்லப் பார்த்தார் என்கின்றன சீன ஏடுகள். செங் ஹே சத்தமில்லாமல் கிளம்பிப் போனார். அடுத்து வந்தது நம் கல். நான்ஜிங்கில் எழுதி, கப்பலில் ஏற்றி, மூன்றாம் பயணத்தில் கொண்டுவந்தார்கள். அழகக்கோனார் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் ஊருக்குப் பெரும்படையோடு வருகிறார். உங்கள் ஊர்க் கோயிலுக்கு, உங்களைக் கேட்காமல், சிங்களத்தை விட்டுவிட்டு வேறு மொழிகளில் எழுதிய கல்லை நட்டு, ஆயிரம் பொன் காணிக்கை என்கிறார். உங்களுக்கு? உங்களுக்கு வாழ்த்துகள். கும்பிட்டால் பட்டம் தருகிறேன் என்கிறார். நானாக இருந்தால் கும்பிட்டிருப்பேன். அழகக்கோனார் கும்பிடவில்லை.

பிறகு நடந்ததற்கு இரண்டு வாக்குமூலங்கள் உண்டு. சீன வாக்குமூலம் இது: அழகக்கோனார் நயமாகப் பேசி செங் ஹேயை உள்நாட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் மகன் பொன்னும் வெள்ளியும் கேட்டான். கொடுக்கவில்லை. உடனே 50,000 பேரைக் கப்பல்களைக் கொள்ளையடிக்க அனுப்பினார்கள். திரும்பும் வழியில் மரங்களை வெட்டிப் போட்டார்கள். (ஐம்பதாயிரம் என்று எண்ணியது யார் என்று தெரிந்தால் கோழிக்கோட்டு விரல் கணக்கரிடம் அனுப்பிச் சரிபார்க்கலாம்.) செங் ஹே பதறவில்லை. படையெல்லாம் கடற்கரைக்குப் போய்விட்டது என்றால் தலைநகரில் யார் இருக்கிறார்கள்? இரண்டாயிரம் பேரோடு குறுக்கு வழியில் இரவோடு இரவாகப் புகுந்து ராஜா, ராணி, பிள்ளைகள், அதிகாரிகள் எல்லோரையும் கட்டித் தூக்கினார். ஆறு நாள் சண்டை போட்டுக்கொண்டே கப்பலுக்கு வந்து சேர்ந்தார்.

சிங்கள ராஜாவளிய நூலின் வாக்குமூலம் சுருக்கமானது. அதில் அரசர் பெயர் விஜயபாகு. மகா சீனத்து ராஜா பரிசுப்பொருள் கொண்டுவருகிற சாக்கில் படையோடு வந்தான். முன்னாள் ராஜாக்களுக்கும் வெளிநாட்டார் பரிசு கொண்டுவந்தார்களே என்று நம்பி நம் ராஜா முட்டாள்தனமாக மாட்டிக்கொண்டார். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவுதான். ராஜா மாட்டிக்கொண்டதைவிட, பரிசு என்ற சொல்லை அவர் நம்பியதில்தான் நூலாசிரியருக்கு அதிக எரிச்சல்.

இரண்டு கதையிலும் முதல் வரியில் நயவஞ்சகம் உண்டு, ஆள் மட்டும் மாறுகிறார். கடைசி வரியில் ஒரே ஆள்தான் கப்பலில் இருக்கிறார்.

1411 கோடையில் அழகக்கோனார் குடும்பம் நான்ஜிங்கில் நிறுத்தப்பட்டது. வெட்டுங்கள் என்றார்கள் மந்திரிகள். பேரரசர் வழக்கம்போலக் கண் கலங்கினார். பாவம், நாகரிகம் தெரியாத ஆட்கள், விட்டுவிடுங்கள், சோறும் துணியும் கொடுங்கள் என்றார். ஜாவாவில் தங்கத்தைத் தள்ளுபடி செய்தாரே, அதே குரல். கூடவே ஒரு வரி சேர்த்தார்: அந்தக் குடும்பத்திலேயே நல்லவனாக ஒருவனைப் பார்த்து ராஜாவாக்குங்கள். ஆக, நாலு கோயில் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோன பயணம், அடுத்த ராஜா யார் என்று நான்ஜிங்கில் உட்கார்ந்து பேசுவதில் முடிந்தது.

இலங்கையில் கோட்டை அரியணையில் வந்து உட்கார்ந்தவர் ஆறாம் பராக்கிரமபாகு. அவருக்குப் பாடம் தெரிந்திருந்தது. சீனத்துக்கு ஒழுங்காகத் தூது அனுப்பினார், காணிக்கை அனுப்பினார். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆண்டார். தன்னை மிரட்டிய வல்லரசின் கப்பல்கள் நின்றுபோய், அதன் பேரரசர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போன பிறகும் அவர் ஆண்டுகொண்டிருந்தார்.

ஆமாம், கப்பல்கள் நின்றுபோயின. யோங்லே 1424இல் இறந்தார். செலவைக் கேள்வி கேட்டதற்காகச் சிறையில் கிடந்த நிதி மந்திரி சியா யுவான்ஜியை மகன் விடுவித்தார், முதல் வேலையாகப் பயணங்களை நிறுத்தினார். பேரன் காலத்தில் கடைசியாக ஒரு பயணம், 1433இல் அதுவும் முடிந்தது. அதற்குள் கிட்டங்கிகளில் மிளகு குவிந்து கிடந்தது. அதை என்ன செய்வது? அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் சம்பளத்தில் ஒரு பகுதியை மிளகாகவும் சப்பங்கி மரமாகவும் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் மனைவியிடம் மிளகுப் பொட்டலத்தை நீட்டிய அந்தச் சீன எழுத்தரை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது. உலகத்தையே தன் காலில் விழவைத்த அரசின் ஊழியர் அவர். வீட்டில் ரசம் மட்டும் வைக்கலாம்.

ஆனால் மொய் வாங்கிப் பழகியவர்கள் விடுவார்களா? ஜாவாக்காரர்கள் காணிக்கையோடு வந்துகொண்டே இருந்தார்கள். தங்கவைத்துச் சோறு போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று குவாங்டோங் அதிகாரிகள் புலம்பினார்கள். 1443இல் பேரரசு ஜாவாவிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: உங்கள் பக்தி புரிகிறது, தயவுசெய்து மூன்று ஆண்டுக்கு ஒரு முறை விழுந்தால் போதும்.

தெனாவரை நாயனார் கோயிலை 1588இல் போர்ச்சுக்கீசியர் இடித்தார்கள். அவர்கள் மொய் நோட்டோடு வந்தவர்கள் இல்லை, நேரே பீரங்கியோடு வந்தவர்கள். நாயனாருக்கு எழுதிய கல் காலியில் மதகு காத்து, 1911இல் எழுந்து, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பாரசீகப் பகுதி ரொம்பத் தேய்ந்துவிட்டது. தமிழை வாசிக்கலாம்.

2021 மே மாதத்தில் அதே கொழும்பில், இலங்கைச் சட்டமா அதிபர் திணைக்களத்தில், சீன உதவியோடு அமைத்த மின்னூலகம் ஒன்றில் பெயர்ப்பலகை திறந்தார்கள். அதிலும் மூன்று மொழி. சிங்களம், ஆங்கிலம், சீனம். தமிழ் இல்லை. கூச்சல் கிளம்பியதும் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.